யார் கை, யார் பெயர்: பாரிஸ் சர்ரியலிச வட்டத்துப் பெண்கள்

1929 டிசம்பரில் வெளிவந்த ‘லா ரெவொல்யூசியோன் சுர்ரியலிஸ்த்’ இதழில் ஒரு பக்கம். நடுவில் ரெனே மக்ரித் வரைந்த நிர்வாணப் பெண். அவளைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோலப் பதினாறு ஆண்களின் சிறு முகப்படங்கள். காசு போட்டால் தானே படமெடுக்கும் கூண்டில் எடுத்தவை. ஆந்த்ரே ப்ரெத்தோன், லூயி அராகோன், போல் எலுவார், டாலி, புனுவல், மாக்ஸ் எர்ன்ஸ்ட், மக்ரித் என்று வட்டத்தின் பெருந்தலைகள் எல்லோரும் இருக்கிறார்கள். பதினாறு பேரும் கண்களை மூடியிருக்கிறார்கள். காட்டுக்குள் மறைந்திருக்கும் பெண்ணைத் தாங்கள் பார்க்கவில்லை என்று ஓவியத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. விழிப்பில் அகப்படாததைக் கனவில் தேடுகிறோம் என்பதுதான் அவர்களுடைய கொள்கை விளக்கம்.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், மோன்பர்னாஸ் கஃபேக்களில் எல்லோருக்கும் தெரிந்த கிகி தன் வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். நியூயார்க்கிலிருந்து வந்த லீ மில்லர் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், புகைப்படக் கலைஞர் மான் ரேயிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். ப்ரெத்தோனின் புகழ்பெற்ற ‘நாஜா’ நூலின் நாயகி, வட பிரான்சில் ஒரு மனநல விடுதியில் அடைபட்டிருந்தார். மறைந்திருந்த பெண்கள் என்று இவர்களில் யாரையும் சொல்ல முடியாது. பார்க்க விரும்பியவருக்கு எல்லோருமே கண்ணெதிரில் இருந்தார்கள்.

மேற்கத்தியக் கலை வரலாறு இவர்களை மியூஸ் என்ற பட்டியலில் சேர்த்தது. கிரேக்கப் புராணத்தில் கவிஞனுக்கு வாக்கு அருளும் தேவதைகளின் பெயர் அது. இவர்களைப் பற்றிய நூல்களுக்கு இன்று பஞ்சமில்லை. ஆனாலும் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. அவள் கலைஞரா, கலைஞனுக்குத் தூண்டுதலா? அவன் அவளை நேசித்தானா, உறிஞ்சிவிட்டுப் போனானா? இதைக் காதல் விவகாரமாக வைத்துப் பேசும்வரை ஒன்றும் விளங்காது என்பது என் எண்ணம். இது உழைப்பின் கணக்கு. கேமராவின் விசையை அழுத்தியது யார், இருட்டறையில் நின்றது யார், அடியில் கையெழுத்துப் போட்டது யார், விற்ற பணம் யாருக்குப் போயிற்று, நெகட்டிவ்கள் கடைசியில் யார் வீட்டுப் பரணில் கிடந்தன என்று கேட்டுப் பார்த்தால், ஒரே வட்டத்தில் புழங்கிய பெண்களின் கதைகள் ஏன் இவ்வளவு வேறு வேறாக முடிந்தன என்பது புரிய ஆரம்பிக்கிறது.

கிகியின் இயற்பெயர் ஆலிஸ் ப்ரின். 1901இல் பர்கண்டியில் ஷாத்தியோன் என்ற சிற்றூரில், திருமணமாகாத தாய்க்குப் பிறந்து, பாட்டியின் வறுமையில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் பாரிஸில் இருந்த தாயிடம் வந்து சேர்ந்து, ரொட்டிக் கடை உட்படக் கிடைத்த இடத்திலெல்லாம் வேலை பார்த்தார். ஒரு சிற்பியின் முன் ஆடையின்றி நிற்கப் போனது தெரிந்ததும் தாய் வீட்டைவிட்டுத் துரத்தினார். பிறகு மாடலாக நிற்பதே தொழிலாயிற்று. ஜப்பானிய ஓவியர் ஃபூஜிதா 1922இல் வரைந்த, பூத்துணிப் பின்னணியில் படுத்திருக்கும் நிர்வாணப் பெண் ஓவியம் பாரிஸையே பேசவைத்தது. படுத்திருந்தவர் கிகி.

ஃபூஜிதாவே சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. முதல்முறை மாடலாக வந்த கிகி, ஓவியரை நகரச் சொல்லிவிட்டு அவருடைய இடத்தில் தான் உட்கார்ந்து, அவரையே வரைய ஆரம்பித்தார். வரைந்து முடித்ததும், மாடலாக வந்ததற்கான கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து டோம் கஃபேயில் ஒரு பணக்கார அமெரிக்கர் அந்தப் படத்தை நல்ல விலைக்கு வாங்கினாராம். மியூஸ் பற்றிய ஆயிரம் பக்க ஆராய்ச்சியைவிட இந்த நிகழ்ச்சி எனக்கு அதிகம் சொல்கிறது. நிற்பதற்கும் கூலி உண்டு, வரைவதற்கும் விலை உண்டு என்று கிகிக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1927இல் தன் ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார், பெரும்பாலானவை விற்றுப்போயின. அவருடைய நினைவுக் குறிப்புகளின் ஆங்கிலப் பதிப்புக்கு ஹெமிங்வே முன்னுரை எழுதினார். ஆபாசம் என்று சொல்லி அமெரிக்கச் சுங்கத் துறை அதை உள்ளே விடவில்லை. பல பத்தாண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

கிகியை உலகம் அறிந்தது 1924ஆம் ஆண்டின் ஒரே ஒரு புகைப்படத்தால். தலையில் துண்டு சுற்றி முதுகுகாட்டி உட்கார்ந்திருக்கிறார். வயலின் பலகையில் இருக்கும் ‘எஃப்’ எழுத்து வடிவத் துளைகள் இரண்டைப் பிரிண்டின் மேல் வரைந்து, மறுபடி படமெடுத்து, பெண்ணுடலை வாத்தியமாக்கினார் மான் ரே. ஓவியர் ஆங்கரை நினைவுபடுத்தி, ‘ஆங்கரின் வயலின்’ என்று பெயர். படத்தைக் கூர்ந்து பாருங்கள். கைகள் இரண்டும் முன்புறம் முற்றாக மறைந்திருக்கின்றன. தலை லேசாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே நழுவிய துணி, வாத்தியத்தின் அடிப்பாகம்போல வளைவைக் காட்டுகிறது. தோளைத் தளர்த்தி, கைகள் வெளியே தெரியாமல், முதுகு கூனாமல், அசையாமல் அப்படி உட்கார்வதற்கு ஆண்டுக்கணக்கான மாடல் அனுபவம் வேண்டும். கற்பனை மான் ரேயுடையது; அந்த உட்காருதல் கிகியுடைய வேலை. 2022 மே மாதம் இந்தப் படத்தின் ஒரு பிரிண்ட் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.24 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தில் ஒரு புகைப்படம் தொட்ட ஆக உயர்ந்த விலை அதுவரை அதுதான். கிகி 1953இல், ஐம்பத்தோரு வயதில், குடியாலும் போதைப்பொருளாலும் உடல் நொறுங்கி, ஏழையாக இறந்தார்.

மான் ரேயின் வாழ்வில் கிகி விட்ட இடத்துக்கு வந்தவர் லீ மில்லர் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். அது சரியான தொடக்கம் இல்லை. மில்லர் வந்தது கற்றுக்கொள்ள. 1927 மார்ச் மாத ‘வோக்’ இதழின் அட்டைச் சித்திரம் அவர் முகம். நியூயார்க்கின் பெயர்பெற்ற புகைப்படக்காரர்கள் முன்னால் நின்று நின்று, விளக்கு எங்கே வைக்கப்படுகிறது என்று மறுபக்கத்திலிருந்து கவனித்தவர். மாணவர்களைச் சேர்ப்பதில்லை, நாளை பியாரிட்ஸ் போகிறேன் என்று மான் ரே தட்டிக்கழித்தார். நானும்தான் வருகிறேன் என்றார் மில்லர். அடுத்த மூன்று ஆண்டுகள் மாணவி, உதவியாளர், மாடல், காதலி, கூட்டாளி என எல்லாமாகவும் இருந்தார்.

அந்த இருட்டறையில் நடந்தவை இரண்டைச் சொல்ல வேண்டும். ஒருநாள் மில்லர் நெகட்டிவ்களை டெவலப் செய்துகொண்டிருந்தபோது காலின்மேல் ஏதோ ஊர்ந்தது. அலறிக்கொண்டு விளக்கைப் போட்டுவிட்டார். தொட்டியில் கறுப்புப் பின்னணியில் எடுத்த நிர்வாணப் படங்கள் ஒரு டஜன் கிடந்தன. வெளிச்சம் பட்டதால் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்து, கறுப்பும் வெளுப்பும் பாதி இடம் மாறியிருந்தன. வீணாகிவிட்டன என்று தூக்கி எறியாமல், இருவரும் சேர்ந்து அந்த விபத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து ஒரு முறையாகவே பழக்கினார்கள். சோலரைசேஷன் என்று பின்னால் மான் ரேயின் முத்திரையாகப் புகழ்பெற்றது அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறு சிலர் கண்டிருந்த விளைவுதான் அது. ஆனால் பாரிஸில் அது உயிர்பெற்ற வேளையில் விளக்குச் சுவிட்சில் இருந்தது மில்லரின் கை.

இரண்டாவது, அவருடைய மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருவது. மில்லரின் கழுத்தை எடுத்த ஒரு நெகட்டிவ் சரியில்லை என்று மான் ரே குப்பையில் போட்டார். மில்லர் அதை எடுத்து, தன் விருப்பப்படி வெட்டி, பிரிண்ட் போட்டார். நன்றாக வந்தது, அது தன் படைப்பு என்றார். சண்டை முற்றி, மில்லர் ஸ்டூடியோவைவிட்டு வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்தபோது அந்தப் படம் சுவரில் குத்தப்பட்டிருந்தது. கழுத்தில் சவரக்கத்தியால் கீறி, சிவப்பு மை வழியவிடப்பட்டிருந்தது. நெகட்டிவ் எடுத்தவருடையதா, பிரிண்டை உருவாக்கியவருடையதா, கழுத்துக்குச் சொந்தக்காரருடையதா? அந்தக் காலத்துச் சட்டத்தில் விடை இருந்திருக்கலாம். அந்த அறையில் விடை சொன்னது கத்தி. மில்லர் பிரிந்து போன பிறகு, மான் ரே ஒரு மெட்ரோனோமின் ஆடும் முள்ளில் அவருடைய கண்ணின் படத்தைச் செருகி, அடித்து நொறுக்கவேண்டிய பொருள் என்று அறிவித்தார். அருங்காட்சியகங்களில் அதைப் பார்க்கிறவர்கள் காதல் வேதனையின் சின்னம் என்று படித்துவிட்டு நகர்கிறார்கள். ஒரு தொழில் கூட்டாளியை இழந்த வேதனையும் அதில் கலந்திருக்கிறது என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். மான் ரே ஓவியம் வரைய நேரம் வேண்டும் என்பதற்காக, அவருக்கு வந்த ஃபேஷன் வேலைகள் பலவற்றை எடுத்துக் கொடுத்தவர் மில்லர்தான். மான் ரேயின் பெயரில் வந்த சில படங்கள் மில்லர் எடுத்தவை.

மில்லர் பிழைத்துக்கொண்டார், தொழில் கையில் இருந்ததால். நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ, பிறகு திருமணமாகிக் கெய்ரோ, பிறகு ஆங்கில ஓவியர் ரோலண்ட் பென்ரோஸுடன் லண்டன். போர் வந்ததும் அமெரிக்க ராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற போர்ச் செய்தியாளர் ஆனார். 1944 ஆகஸ்டில் சான் மாலோ முற்றுகையை நேரில் படமெடுத்தார். 1945 ஏப்ரலில் புகன்வால்ட், டாகாவ் வதைமுகாம்களுக்குள் போனார். டாகாவிலிருந்து வந்த அதே நாளில், மியூனிக்கில் ஹிட்லரின் வீட்டுக் குளியல் தொட்டியில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் எடுக்கப்பட்டது. எடுத்தவர் சக செய்தியாளர் டேவிட் ஷெர்மன். தொட்டிக்கு முன்னால் விரிப்பின்மேல் மில்லரின் ராணுவ பூட்ஸ். டாகாவின் சேற்றை ஹிட்லரின் வெள்ளை விரிப்பில் துடைத்த பூட்ஸ் அவை. மாடலாக இருந்த அனுபவம், சர்ரியலிசக் கண், செய்தியாளரின் துணிச்சல் மூன்றும் ஒரே சட்டகத்தில் சேர்ந்த படம் அது. சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் காரணத்தோடு இருக்கிறது.

போருக்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சசெக்ஸில் ஃபார்லீஸ் பண்ணை வீட்டில் மனச்சோர்விலும் குடியிலும் மூழ்கினார். சமையலில் பெயர் வாங்கினார். 1977இல் இறந்தார். அதன் பிறகுதான் பரணைக் கிளறிய மருமகளுக்கு அட்டைப் பெட்டிகள் கிடைத்தன. சுமார் 60,000 நெகட்டிவ்களும் பிரிண்டுகளும் கையெழுத்துப் பிரதிகளும். தாய் இவ்வளவு பெரிய புகைப்படக் கலைஞர் என்பது மகனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இனி, பரண் இல்லாத ஒருவரின் கதை. 1926 அக்டோபர் 4ஆம் தேதி, லாஃபாயெத் தெருவில் ப்ரெத்தோன் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். தன்னை நாஜா என்று சொல்லிக்கொண்டார் அவர். இயற்பெயர் லியோனா டெல்கூர். லீல் நகரத்துக்குப் பக்கத்தில் 1902இல் பிறந்தவர். சிறு மகளைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு பாரிஸில் கையில் காசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர். சில வாரங்கள் இருவரும் ஊர் சுற்றினார்கள். அவர் பேசியதை ப்ரெத்தோன் குறித்து வைத்துக்கொண்டார். 1927இல் அவர் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1928இல் ‘நாஜா’ வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடையின் அழகான நூல்களில் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மனநல விடுதிகளைக் கடுமையாகத் தாக்கும் பக்கங்கள் அதில் உண்டு. ஆனால் எழுதியவர் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை.

அந்த நூலில் டெல்கூர் வரைந்த ஓவியங்கள் அச்சாகியிருக்கின்றன. நான்கு கண்களே இதழ்களாக அமைந்த ‘காதலர்களின் மலர்’ அவற்றில் ஒன்று. அடித்தல் திருத்தல் இல்லாத, ஒரே மூச்சில் இழுத்த கோடு. ப்ரெத்தோனின் நூலைப் படிக்கிறவர்கள் அவற்றை ஒரு பித்துப் பிடித்த பெண்ணின் சான்றுகளாகப் பார்க்கிறார்கள். சர்ரியலிசத்தின் தானியங்கி ஓவிய முறையைக் கோட்பாடு எதுவும் படிக்காமலே கையாண்ட ஓவியர் என்று ஏன் பார்ப்பதில்லை? சர்ரியலிசத்தின் உண்மையான கலைஞர்கள் பட்டியலில் நான் அவரை வைப்பேன். டெல்கூர் 1941 ஜனவரியில், பையோல் மனநல விடுதியில், முப்பத்தெட்டு வயதில் இறந்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பிரான்சின் மனநல விடுதிகளில் பல்லாயிரம் பேர் பட்டினியால் இறந்த காலம் அது. அவருடைய முழுப்பெயர் வெளியுலகுக்குத் தெரியவே பல பத்தாண்டுகள் ஆயின.

டோரா மாரின் கதையில் பெயர் தொலையவில்லை. பெயருக்குப் பொருள் மாறிவிட்டது. 1907இல் பாரிஸில் பிறந்த ஹென்ரியெட் தியோடோரா மார்கோவிச், குரோஷியக் கட்டடக் கலைஞரான தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதைப் புவெனஸ் அயர்ஸில் கழித்தார். 1930களின் தொடக்கத்தில் பியர் கெஃபருடன் சேர்ந்து விளம்பர, ஃபேஷன் ஸ்டூடியோ நடத்தினார். பார்சலோனா, லண்டன் தெருக்களில் ஏழைகளையும் பார்வையற்றவர்களையும் படமெடுத்தார். பாசிசத்துக்கு எதிரான அறிக்கைகளில் கையெழுத்திட்டார். 1936இல் லண்டன் சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அவருடைய ‘பெர் உபு’ படத்தில் செதில் மூடிய, கண் பாதி மூடிய ஒரு ஜீவன் நம்மைப் பார்க்கிறது. எறும்புண்ணி வகை போன்ற கவச விலங்கான ஆர்மடில்லோவின் கரு என்று பலரும் நம்புகிறார்கள். மார் கடைசிவரை அது என்ன என்று சொல்லவில்லை. பிக்காசோவோடு பழகத் தொடங்கும்போது இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்த இருபத்தெட்டு வயதுக் கலைஞர் அவர். பிக்காசோவுக்கு ஐம்பத்து நான்கு.

1937 ஏப்ரல் 26ஆம் தேதி பாஸ்க் நாட்டின் குவேர்னிகா ஊர்மீது குண்டு விழுந்தது. பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்காகப் பிக்காசோ ‘குவேர்னிகா’ ஓவியத்தைத் தொடங்கினார். கித்தான் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். கிராந்த் ஒகுஸ்தான் தெருவின் மேல்மாடி அறைக்குள் அது நேராக நிற்க இடம் போதாமல் சாய்த்து வைக்கப்பட்டது. மே மாதம் தொடங்கி ஜூன் முதல் வாரம்வரை ஓவியம் மாறிக்கொண்டே போன நிலைகளை மார் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். சாய்ந்த கித்தான், ஒரு பக்கம் மட்டும் விழும் ஜன்னல் வெளிச்சம், பின்னால் போய் நிற்க இடமில்லாத அறை. இவற்றோடு மல்லுக்கட்டி, கிடைத்த நெகட்டிவைப் பிரிண்டில் சமன்செய்த வேலை அது. போர்வீரனின் உயர்த்திய கை முதல் நிலையில் இருப்பதும், பிறகு அதில் தானியக் கற்றை வருவதும், கடைசியில் கை முழுவதும் காணாமல் போவதும் நமக்குத் தெரிவது அந்தப் படங்களால்தான். ‘காஹியே தார்’ இதழ் அவற்றை வெளியிட்டது. ஒரு நவீன ஓவியம் உருவாவதை இவ்வளவு தொடர்ச்சியாகப் பதிவு செய்தது அபூர்வம். கண் முன்னால் கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகள் குவிந்துகொண்டிருந்ததும் குவேர்னிகா வண்ணமில்லாமல் நின்றதற்கு ஒரு காரணம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நிரூபிக்க முடியாத வாதம். ஆனால் ஒதுக்கிவிடத் தக்கதும் அல்ல.

அதே ஆண்டு அக்டோபரில் பிக்காசோ ‘அழும் பெண்’ணை முடித்தார். மாடல் மார். அன்றிலிருந்து உலகத்துக்கு அவர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அழுகிறவர் ஆனார். புகைப்படத்தை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வரும்படி பிக்காசோ வற்புறுத்தினார், மார் இணங்கினார். எங்கே அவர் தேர்ந்த கலைஞரோ அந்தத் துறையை விட்டு, எங்கே பிக்காசோ பக்கத்தில் நிற்கிறாரோ அந்தத் துறைக்கு வந்தார். இந்த வட்டத்தின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற முடிவு இதுதான். 1940களின் நடுவில் பிக்காசோ பிரான்சுவாஸ் ஜிலோவிடம் போனார். மார் நிலைகுலைந்து, மின்அதிர்ச்சி சிகிச்சைக்கு உள்ளாகி, பிறகு ழாக் லக்கானிடம் உளப்பகுப்பாய்வுக்குப் போனார். அதன்பின் ஐம்பதாண்டு வாழ்ந்தார். நிலக்காட்சிகள் வரைந்தார், முதுமையில் கேமரா இல்லாமலே இருட்டறைத் தாளில் ஒளியால் படங்கள் செய்தார். பிக்காசோ வரைந்த உருவங்கள் எல்லாம் பிக்காசோக்கள்தான், அவற்றில் ஒன்றுகூடத் தான் அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. 1997இல் இறந்தார். மறு ஆண்டு அவர் வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது பிக்காசோ தொட்ட பொருள்களுக்கு. 2006இல் பிக்காசோ வரைந்த ‘டோரா மாரும் பூனையும்’ 9.5 கோடி டாலருக்கு விற்றது. மாரின் கலையை முழுமையாகக் காட்டிய பெரிய கண்காட்சி பாம்பிடூ மையத்தில் 2019இல்தான் நடந்தது.

மெரெட் ஓப்பன்ஹைமுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 1936இல், கஃபே தி ஃப்ளோரில் பிக்காசோவோடும் டோரா மாரோடும் நடந்த பேச்சிலிருந்து, கோப்பை, தட்டு, கரண்டி மூன்றுக்கும் விலங்கு ரோமம் போர்த்தினார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம்வரை அது போயிற்று. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு மூன்றாண்டு முன்பு மான் ரே அவரை அச்சு இயந்திரத்தின் அருகில் கையில் மை பூசி நிர்வாணமாக நிறுத்தி எடுத்த படம்தான் மக்கள் நினைவில் இருந்தது. கோப்பையும் அந்தப் படமும் சேர்ந்து அவரை அமுக்கிவிட்டன. பாசலுக்குத் திரும்பியவர், 1954வரை நீடித்த படைப்பு நெருக்கடியில் தன் படைப்புகள் பலவற்றை அழித்தார். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் தொழில் கற்றுப் பிழைத்தார். பிறகு மீண்டார். பெண்களுக்கு மட்டுமான கண்காட்சிகளில் கலந்துகொள்ள மறுத்தது அவருடைய இன்னொரு பிடிவாதம். கலைக்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை என்றார். இந்தத் துறையில் பெண்களின் தனி வரலாறு எழுதுகிறவர்கள், நான் உட்பட, அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லியோனோரா காரிங்டனை மியூஸ் என்று அழைத்தவர்கள் அவரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். யாருக்கும் மியூஸாக இருக்கத் தனக்கு நேரமில்லை, குடும்பத்தை எதிர்க்கவும் ஓவியம் கற்கவுமே நேரம் சரியாக இருந்தது என்பது அவர் பதில். லங்காஷயர் ஆலை முதலாளியின் மகள். இருபது வயதில் நாற்பத்தாறு வயது மாக்ஸ் எர்ன்ஸ்டுடன் பிரான்சுக்குப் போனவர். ஹுவான் மிரோ சில்லறையைக் கொடுத்து சிகரெட் வாங்கிவரச் சொன்னபோது, நீரே போய் வாங்கும் என்றவர். எர்ன்ஸ்டை அவர் வரைந்த உருவப்படம் ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. பனி உறைந்த வெளி. மீன்வால்போல முடியும் சிவந்த ரோம அங்கியும் மஞ்சள் கோடிட்ட காலுறையுமாக எர்ன்ஸ்ட் நடந்துவருகிறார். கையிலுள்ள விளக்குக் கூண்டுக்குள் ஒரு குட்டிக் குதிரை. பின்னால் பனியாகவே உறைந்து நிற்கிறது பெரிய வெள்ளைக் குதிரை. காரிங்டன் தன்னைக் குதிரையாகவே வரைந்துகொண்டவர் என்பது தெரிந்தால், அந்தப் படத்தில் காதலும் கைதும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று புரியும். இங்கே பார்க்கிறவர் அவர், பார்க்கப்படுகிறவர் எர்ன்ஸ்ட். போரில் எர்ன்ஸ்ட் சிறைபிடிக்கப்பட்டபின் காரிங்டன் மனமுடைந்தார். ஸ்பெயினில் சாந்தாண்டேர் விடுதியில் வலிப்பு வரவழைக்கும் ஊசிகளை அனுபவித்தார். டெல்கூரைப்போலவே மனநல விடுதி. ஆனால் காரிங்டன் வெளியே வந்தார். மெக்ஸிகோவில் ரெமெதியோஸ் வாரோ, கத்தி ஹோர்னா என்ற தோழிகளோடு ஒரு புதிய வட்டத்தையே அமைத்துக்கொண்டார். 2011இல் தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தார். அவருடைய ஓவியம் ஒன்று 2024இல் 2.85 கோடி டாலருக்கு விற்றது.

ஆய்வுலகம் இவற்றையெல்லாம் எப்படிப் பார்த்தது? நெடுங்காலம் ஆண்களின் நினைவுக் குறிப்புகளே வரலாறாக இருந்தன. 1971இல் க்ஸாவியேர் கோத்தியே சர்ரியலிசத்தின் பாலியல் பார்வையைப் பிரெஞ்சில் கடுமையாக விமர்சித்தார். 1985இல் விட்னி சாட்விக்கின் பெண் சர்ரியலிஸ்டுகள் பற்றிய நூல் வந்ததும் களமே மாறியது. அந்த ஆய்வின்போது ரோலண்ட் பென்ரோஸைச் சந்தித்ததைச் சாட்விக் பின்னால் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்கள் கலைஞர்கள் அல்ல, எங்களுக்கு மியூஸ்களாக இருந்ததால்தான் முக்கியமானவர்கள் என்ற பொருளில் பென்ரோஸ் பேசினாராம். லீ மில்லரின் கணவர் இதைச் சொல்கிறார்; அவர் வீட்டுப் பரணிலிருந்து ஏற்கெனவே அறுபதாயிரம் சான்றுகள் இறங்கியிருந்தன. ரோசலின்ட் க்ராஸ் போன்றோர், சர்ரியலிசப் புகைப்படம் ஆண் பெண் வரையறைகளையே கலைத்துப் போடுவது, அதை வெறும் பெண்வெறுப்பு என்று சுருக்கக் கூடாது என்று மறுத்தார்கள். அண்மையில் ரூத் மில்லிங்டன் போன்றவர்கள் மியூஸ் என்பவரையே படைப்பின் பங்காளியாக மீட்டெடுக்கப் பார்க்கிறார்கள்.

பங்காளி என்ற பார்வை கிகியின் முதுகுக்கும் மில்லரின் இருட்டறைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அது ஒன்றை மறைத்துவிடும் என்று அஞ்சுகிறேன். இந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே தரையில் நிற்கவில்லை. மில்லரிடமும் மாரிடமும் சம்பாதிக்கிற தொழில் இருந்தது. காரிங்டனுக்குப் பின்னால், அவர் உதறிவந்ததுதான் என்றாலும், பணக்காரக் குடும்பமும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் இருந்தன. ஓப்பன்ஹைமுக்குத் திரும்பிப் போக பாசல் இருந்தது. கிகிக்கும் டெல்கூருக்கும் அப்படி எதுவும் இல்லை. புதுமைக் கலை வட்டம் ஏழைப் பெண்ணின் துணிச்சலை எடுத்துக்கொண்டது. அவள் விழுந்தபோது தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. ஆண் பெண் கணக்கோடு வர்க்கக் கணக்கையும் சேர்த்துப் போடாத ஆய்வுகள் பாதியில் நின்றுவிடுகின்றன.

வர்க்கத்தோடு கணக்கில் சேர்க்கவேண்டிய இன்னொன்று, காப்பாற்றி வைப்பது. மில்லர் இன்று நம்மிடம் இருப்பது ஒரு மருமகள் பெட்டியைத் திறந்ததால். மகனும் குடும்பமும் அதை ஆவணக் காப்பகமாக நடத்தியதால். ப்ரெத்தோன் எதையும் வீசாதவர். ஃபோந்தேன் தெருவில் அவர் சேர்த்து வைத்தவை 2003இல் ஏலம் போனபோது அது தேசியப் பிரச்சினை ஆயிற்று. டெல்கூரின் படங்கள் பிழைத்ததும் அவர் வைத்துக்கொண்டதால்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிறர் வைத்துக்கொண்டால் பிறருடைய கதையின் ஓரத்தில்தான் இடம் கிடைக்கும்.

இந்தப் படங்களைத் தமிழில் நாமும் அச்சிடுகிறோம், அட்டையில் போடுகிறோம், வகுப்பில் காட்டுகிறோம். பத்திரிகை ஆசிரியர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் கேட்பது ஒன்றுதான். முதுகு வயலினாக மாறிய படத்தின் அடியில் மான் ரேயின் பெயரோடு ஆலிஸ் ப்ரின் என்ற பெயரையும் போடுங்கள். குவேர்னிகா உருவான நிலைகளை அச்சிட்டால், எடுத்தவர் டோரா மார் என்று எழுதுங்கள். ‘நாஜா’வில் உள்ள ஓவியங்களை எடுத்தாளும்போது ஓவியர் லியோனா டெல்கூர் என்று குறிப்பிடுங்கள்.